சோற்று லாரிக்கு எத்தனை பட்டை?

அந்த வருஷம் எங்கள் லாரி மூக்கைத் தூக்கிக்கொண்டு ஓடியது. பின்பக்கம் தரையில் உட்காரப் பார்க்கும், முன்பக்கம் வானத்தைப் பார்க்கும். சிங்கப்பூர் ஜாலான் புசார் சாலையில் எங்களைத் தாண்டிப் போகிறவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் மட்டும், "புது லாரின்னு பார்க்கிறாங்க," என்று மீசையைத் தடவிக்கொள்வார். அது புது லாரி இல்லை. எங்களுக்கு முன்னால் ஒரு மீன் வியாபாரியிடம் இருந்தது. மழை பெய்தால் அந்த மீன்கள் எல்லாம் திரும்பி வந்துவிட்டதுபோல் இருக்கும்.

நான் ஜாலான் புசாரில் ஒரு கடைவீட்டின் பின்கட்டில் சமைத்து, கட்டட வேலை நடக்கும் இடங்களுக்குச் சாப்பாடு கொடுத்துவந்தேன். எண்பதுகளின் தொடக்கம் அது. பாசிர் ரிஸ்ஸில் அடுக்குமாடி வீடுகள் கட்டுவதற்காக நிலத்தைத் திருத்திக்கொண்டிருந்தார்கள். அங்கே ஒரு வேலைத் தளத்துக்கு மதியச் சாப்பாடும் மூன்று மணித் தேநீரும் கொடுக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. எனக்குத்தான் கிடைத்தது, வீட்டுக்காரர் லாரி ஓட்டினார். இதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. அவர் சொல்லும்போது கதை வேறு மாதிரி இருக்கும்.

அந்தத் தளத்தில் தண்ணீர்க் குழாய் இல்லை, மேசை இல்லை, நிழலும் இல்லை. எல்லாவற்றையும் நாங்களே கொண்டுபோக வேண்டும். அதனால் லாரிக்குப் பின்னால் இரண்டு சக்கர டிரெய்லர் ஒன்றை மாட்டினோம். சோற்று அண்டா, சாம்பார், கறி, குடிதண்ணீர் டிரம், தட்டுகள் எல்லாம் அதில். சாப்பாடு முடிந்ததும் டிரெய்லரைக் கழற்றி நிறுத்திவிட்டு, லாரி மட்டும் தேநீர் டிரம்மோடும் வடைக் கூடையோடும் தளத்தின் மறுகோடிக்குப் போக வேண்டும். அங்கே பாதை என்று ஒன்றும் கிடையாது, புல்டோசர் போன தடம்தான். வெயிலில் கல், மழையில் கஞ்சி.

ஆக, காலையில் லாரி மாடு மாதிரி இழுக்க வேண்டும். மத்தியானம் ஆடு மாதிரி மேட்டிலும் பள்ளத்திலும் ஏறி இறங்க வேண்டும். இருந்ததோ ஒரே லாரி.

ஒரு வியாழக்கிழமை, தளத்து வாசலைத் தாண்டி நூறு அடி போயிருப்போம். லாரியின் பின்பக்கம் அழுந்தி, டிரெய்லரை மாட்டும் கொக்கி ஒரு மண்மேட்டில் குத்திக்கொண்டு நின்றுவிட்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. வீட்டுக்காரர் இறங்கிச் சக்கரத்தை ஒரு உதை உதைத்தார். அதோடு அவருக்குத் தெரிந்த வைத்தியம் முடிந்தது. புல்டோசர்காரரைத் தேடிக் கூட்டிவந்து, சங்கிலி கட்டி இழுத்து வெளியே எடுப்பதற்குள் சாம்பாரில் கால்வாசி செம்மண்ணுக்குப் போய்விட்டது.

தளத்தின் சூப்பர்வைசர் நம் தமிழ் ஆள்தான். வெள்ளை ஹெல்மெட்டில் ஒரு பொட்டுத் தூசி இருக்காது. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் மூச்சு விடுவார். எங்கள் ஊர் வழக்கப்படி பேச்சின் வாலில் ஒரு 'லா' ஒட்டுவார்.

"அக்கா, மணி என்ன?" என்றார்.

"கடிகாரம் உங்க கையில இருக்கு, என்னைக் கேக்கறீங்களே."

"ரெண்டே கால். பன்னிரண்டு மணியிலேருந்து என் ஆளுங்க உட்கார்ந்திருக்காங்க. தட்டைத் தட்டலாம்னா தட்டும் உங்க வண்டியில இருக்கு. கையைத் தட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க."

"மண்ணுல மாட்டிக்கிச்சு தம்பி."

"மண்ணு தினமும் இங்கதான் இருக்கும், அது எங்கயும் போகாது. அடுத்த வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்ப்பேன். சாப்பாடும் டீயும் நேரத்துக்கு வரலைன்னா வேற ஆளுக்குக் கொடுத்துடுவேன். புக்கிட் பாஞ்சாங்லேருந்து ஒரு அம்மா கேட்டுக்கிட்டே இருக்காங்க லா."

அந்த அம்மாவின் சமையலை நான் ஒரு கல்யாணத்தில் சாப்பிட்டிருக்கிறேன். ஒருத்தரைப் பற்றிக் குறைவாகப் பேசுவது எனக்குப் பிடிக்காது. சாம்பார் அப்போதுதான் குளித்துவிட்டு வந்ததுபோல் இருந்தது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஆனால் அன்றைக்கு லாரியில் திரும்பி வரும்போது வழியெல்லாம் அதே யோசனைதான். இந்த வேலைக்கு முன்னால் ஆறு வருஷம் நான் அடுத்தவர் சாப்பாட்டுக் கடையில் காய் நறுக்கியவள், கோப்பை கழுவியவள். இது நானே போய், நானே பேசி வாங்கிய வேலை. இது போனால் மறுபடி அந்தக் கடைக்காரர் முன்னால் போய் நிற்க வேண்டும். "வந்துட்டியா?" என்று அவர் சிரிக்கும் சிரிப்பு எனக்கு இங்கிருந்தே தெரிந்தது.

அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் மாநாடு கூடியது. வீட்டுக்காரர், அவருடைய தம்பி, நான். என் கொழுந்தன் துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். சக்கரம் வைத்த எதைப் பற்றியும் அவருக்கு ஒரு கருத்து இருக்கும்.

லாரியின் பின்பக்கத்தைத் தாங்குவது இரும்புப் பட்டைகள். வில் மாதிரி வளைந்த பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியிருப்பார்கள். அதைத்தான் ஸ்பிரிங் என்பார்கள். வீட்டுக்காரர் சொன்னார்: "பட்டை பத்தலை. ரெண்டு பக்கமும் மூணு மூணு சேர்த்துப் போட்டா யானையே ஏறி நிக்கலாம்."

"யானையை யாருங்க ஏத்தறாங்க?" என்றேன்.

கொழுந்தன் ஒரு வெள்ளைக்காரப் பத்திரிகையை விரித்தார். படத்தில் ஒரு லாரி ஆள் உயரச் சக்கரத்தோடு மணல்மேட்டில் பறந்துகொண்டிருந்தது. "அண்ணி, இங்க பாருங்க. லாரியையே ஒரு முழம் தூக்கிடணும். பெரிய டயர் மாட்டணும். இது பாலைவனத்துல ஓடுது."

"அதுல சாம்பார் இருக்கா?"

"இல்ல அண்ணி."

"அப்ப மூடி வைங்க."

மறுநாள் மூன்று பேரும் பட்டறைக்குப் போனோம். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு சந்து தள்ளி, ஒரு சீன முதலாளி நடத்தியது. முதலாளியைத் தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம். தமிழர்கள் நடுவில் பிறந்து வளர்ந்தவர். தமிழில் தொடங்குவார், நடுவில் மலாய்க்குப் போவார், திட்ட வேண்டுமென்றால் சொந்த பாஷைக்குப் போய்விடுவார். அட்டையை விரித்து லாரிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"இழுக்கறதுக்குக் கெட்டி ஸ்பிரிங் வேணும். மண்ணுல போறதுக்கு மெது ஸ்பிரிங் வேணும். ரெண்டும் ஒரே லாரியில கேக்கறீங்க. ஒரே வீட்டுல ரெண்டு பொண்டாட்டி வைக்கிற மாதிரி லா."

வீட்டுக்காரர் தேவைக்கு மேல் சிரித்தார். நான் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார்.

"எவ்வளவு எடை ஏத்தறீங்க?" என்று தவுக்கே கேட்டார்.

"ஒரு டன்," என்றார் வீட்டுக்காரர். "ரெண்டு டன்," என்றார் கொழுந்தன். இரண்டு பேரும் ஒருநாளும் ஒரு அண்டாவைத் தூக்கியவர்கள் இல்லை. அண்டா தூக்க நான் இரண்டு பெண்களை வைத்திருந்தேன்.

"நான் சொல்றேன் தவுக்கே. பெரிய அண்டாவுல சோறு. அதை ரெண்டு பேர் தூக்கினா முனகணும், மூணு பேர் தூக்கினா பேசிக்கிட்டே போகலாம். அதுல பாதி சாம்பார், அதுல பாதி கறி. தண்ணி டிரம் தனி. அதை யாரும் தூக்க முடியாது, உருட்டித்தான் ஏத்தணும்."

தவுக்கே தலையை ஆட்டிக்கொண்டே சாக்குக்கட்டியால் சுவரில் வட்டம் வட்டமாகப் போட்டார். பெரிய வட்டம் சோறு, சின்ன வட்டம் கறி. எனக்குப் படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. ஆனால் அந்தக் கணக்கு எனக்கும் அவருக்கும் புரிந்தது, பக்கத்தில் நின்ற இரண்டு பேருக்கும் புரியவில்லை.

அவர் வேறு ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் வீட்டுக்காரர், "மூணு பட்டை போடுங்க தவுக்கே, நான் ஓட்டறவன், எனக்குத் தெரியாதா?" என்றார். தவுக்கே என்னைப் பார்த்தார். நான் வாயை மூடிக்கொண்டேன். வாழ்க்கையில் நான் வாயை மூடிக்கொண்ட நாட்கள் கொஞ்சம்தான். அதில் ஒன்றை இப்படி வீணாக்கினேன்.

சனிக்கிழமை பட்டை ஏறியது. லாரி குதிகால் செருப்பு போட்டதுபோல் பின்பக்கம் உயர்ந்து நின்றது. எடை ஏற்றி ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றார் தவுக்கே. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, சமையல் இல்லை. எங்கள் மாதா கோயிலின் மாதர் சபைப் பெண்கள் பூசை முடிந்து பாசிர் ரிஸ் கடற்கரைக்குப் போக வண்டி தேடிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்காரர் முகத்தில் விளக்கு எரிந்தது.

"எடைக்கு எடையும் ஆச்சு, புண்ணியமும் ஆச்சு," என்றார்.

பன்னிரண்டு பேர் ஏறினார்கள். கூடவே பிரியாணிச் சட்டி, பாய், குடை. எல்லாரும் நன்றாகச் சாப்பிடுகிற குடும்பத்துப் பெண்கள். ஏறும்போது ஒருத்தர், "இந்தத் தவக்காலத்துல நான் ரொம்ப மெலிஞ்சிட்டேன்," என்றார். லாரி அப்படி நினைக்கவில்லை. ஆனால் என்ன ஓட்டம்! தொட்டில் மாதிரி போனது. பாட்டுப் பாடிக்கொண்டே போனார்கள். கடற்கரையில் இறங்கியதும் எல்லாரும் வீட்டுக்காரரிடம், "கார்ல வந்த மாதிரி இருந்துச்சு அண்ணே," என்றார்கள். அவர் அன்று இரவு சாப்பிடும்போதுகூட அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை டிரெய்லரை மாட்டிப் போனோம். கொக்கி தட்டவில்லை. பன்னிரண்டு மணிக்குச் சாப்பாடு இறங்கியது. சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சட்டைக் கையை இழுத்து அதை மூடிக்கொண்டார். வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

மூன்று மணிக்கு டிரெய்லரைக் கழற்றிவிட்டுத் தேநீரோடு கிளம்பினோம். மாதர் சபை இல்லை, அண்டா இல்லை. வெறும் லாரி, ஒரு டிரம் தேநீர், ஒரு கூடை வடை, நாங்கள் இரண்டு பேர். முதல் பள்ளத்தில் லாரி துள்ளியது. இரண்டாவதில் வீட்டுக்காரரின் தலை கூரையில் இடித்தது. மூன்றாவதில் பின்னால் டிரம்மின் மூடி எழுந்து போனது. அதை அப்புறம் யாரும் பார்க்கவில்லை. வடைகள் ஒவ்வொன்றாகக் கூடையிலிருந்து குதித்து இறங்கின. "மெதுவா போங்க, மெதுவா போங்க," என்று நான் கத்த, "மெதுவாதான் போறேன், லாரிதான் வேகமா போகுது," என்று அவர் கத்தினார்.

மறுகோடியில் சூப்பர்வைசர் ஒரு பெரிய வரைபடத்தைப் பிடித்துக்கொண்டு எங்களுக்காக நின்றார். கடைசிப் பள்ளம் அவருக்குப் பக்கத்திலேயே இருந்தது.

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார். "நேரத்துக்கு வந்துட்டீங்க அக்கா. சர்க்கரை கொஞ்சம் கூட."

சாயங்காலம் தவுக்கே எல்லாவற்றையும் கேட்டார். "ஞாயித்துக்கிழமை யாரை ஏத்தி ஓட்டிப் பார்த்தீங்க?"

"மாதர் சபையை. பன்னிரண்டு பேர்."

தவுக்கே கருவிப் பெட்டிமேல் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "எடை இருந்தா கெட்டி ஸ்பிரிங் நல்லாத்தான் போகும். எடை இல்லாம மண்ணுல ஓட்டிப் பார்க்க வேண்டாமா? இனிமே தினம் மூணு மணிக்கு அவங்களையும் ஏத்திக்கிட்டுப் போங்க."

கொழுந்தன் கொஞ்சம் யோசித்தார். "அண்ணி, கேட்டுப் பார்க்கலாமா?"

இந்தத் தடவை நான் பேசினேன். "இவங்க ரெண்டு பேரையும் விடுங்க. அன்னைக்கு நீங்க ஏதோ சொல்ல வந்தீங்களே, அதைச் சொல்லுங்க."

தவுக்கே இரண்டு கையையும் நீட்டிக் காட்டினார். கீழ்க் கை லாரியின் பழைய பட்டைக் கட்டு. அது மெத்தென்றே இருக்கட்டும். அதற்கு மேலே இரண்டு விரல் இடைவெளி விட்டு, குட்டையான, தடித்த பட்டைக் கட்டு ஒன்று. வெறும் லாரி ஓடும்போது மேல் கட்டு சும்மா கிடக்கும். எடை ஏறி லாரி இரண்டு விரல் இறங்கினால் அதன்மேல் உட்காரும். அப்போது அதுவும் சேர்ந்து தாங்கும்.

"புரிஞ்சுது. விருந்து வந்தா மட்டும் அடுப்படிக்கு வர்ற நாத்தனார் மாதிரி," என்றேன்.

"அதேதான். ஷாக் அப்சார்பரும் மாத்தணும். உங்களோடது எண்ணெய் ஒழுகிச் செத்துக் கிடக்கு. ஸ்பிரிங் துள்ளும், ஷாக்தான் அதை அதட்டி உட்கார வைக்கும்."

"லாரியை உசத்தறது?" என்றார் கொழுந்தன், பத்திரிகை இன்னும் கக்கத்தில்.

"உசத்தினா டிரெய்லர் மூக்கு மேல போகும், சோறு பின்னால கொட்டும்," என்றார் தவுக்கே. பத்திரிகை மடங்கிப் பைக்குள் போனது.

செவ்வாய்க்கிழமை லாரி பட்டறையில் இருந்தது; மூன்று பட்டையும் இறங்கி, நாத்தனார் ஏறினார். அன்றைக்கு வேறொருவர் வண்டியைக் கெஞ்சி வாங்கி ஒப்பேற்றினோம். புதன்கிழமை மூன்று மணித் தேநீர் ஒரு சொட்டுச் சிந்தாமல் போய்ச் சேர்ந்தது. சூப்பர்வைசர் நாலடி தள்ளியே நின்று வாங்கிக்கொண்டார். ஆனால் அன்று காலையில் டிரெய்லரை மாட்டியபோது பின்பக்கம் மறுபடி அழுந்தியிருந்தது. பழைய அளவுக்கு இல்லை, ஆனாலும் கொக்கி இரண்டு இடத்தில் மண்ணைக் கீறியது. இறங்கித் தள்ளி, பலகை வைத்துப் போய்ச் சேரும்போது மணி பன்னிரண்டே முக்கால். சூப்பர்வைசர் இரண்டு விரலைக் காட்டினார். இன்னும் இரண்டு நாள்.

வியாழக்கிழமை காலை தவுக்கே தாமே எங்கள் பின்சந்துக்கு வந்துவிட்டார். பால் டின்னில் கயிறு கட்டி வாங்கிய காப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, நாங்கள் ஏற்றுவதைச் சுவரோரம் நின்று பார்த்தார். ஏற்றி முடித்ததும் டின்னைக் கீழே வைத்துவிட்டு, டிரெய்லரின் முன்கம்பியை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். அது அசையவில்லை.

"அக்கா, எல்லா எடையும் மூக்குல வெச்சிருக்கீங்க. அது அப்படியே லாரி முதுகுல ஏறி உட்காருது. நாத்தனார் எத்தனை பேர் வந்தாலும் தாங்க மாட்டாங்க. சோத்து அண்டாவைப் பின்னால தள்ளுங்க."

"முடியாது," என்றேன்.

சந்தில் எல்லாரும் கையை நிறுத்தினார்கள். என் அடுப்படியில் ஒரு முறை உண்டு. சோறுதான் முதலில் ஏறும், முதலில் ஏறியது முன்னால் நிற்கும். அதை ஒட்டித் தண்ணீர், அதன் பின்னால் குழம்பு, கறி, கடைசியில் அப்பளம், தட்டு. கைவண்டியில் சாப்பாடு கொண்டுபோன நாளிலிருந்து அப்படித்தான். சோற்றைப் பின்னால் தள்ளி அப்பளத்தை முன்னால் விடுவது என்பது எனக்கு மாப்பிள்ளையை வாசலில் நிற்கவிட்டுப் பந்தியை ஆரம்பிப்பதுபோல.

"சோறு பின்னால போகாது தவுக்கே. எங்க கோயில் பவனியில சிலுவை முன்னால போகும். எங்க வண்டியில சோறு முன்னால போகும். அவ்வளவுதான்."

வீட்டுக்காரர், "ஏய், நாளைக்கு வெள்ளிக்கிழமை," என்றார் மெதுவாக.

"தெரியும்."

தவுக்கே அவசரப்படவில்லை. காப்பியை எடுத்து ஒரு வாய் குடித்தார். "வருஷா வருஷம் உங்க பவனி என் பட்டறை முன்னாலதான் போகுது அக்கா. நானும் பார்க்கறேன். சிலுவை முன்னால போகுது, சரி. அதை ஒரு ஆள் ஒத்தைக் கையில பிடிச்சுக்கிட்டுப் போறான். மாதா சிலை எங்க வருது?"

நான் அண்டாவின் மூடியை அழுத்தி வைத்தேன். அவரே சொன்னார்.

"நடுவுல வருது. எட்டுப் பேர் தூக்கறாங்க. ஏன் நடுவுல? அதுதான் கனம், அதுதான் பெரிசு. முன்னால போறவங்க வழி விலக்கறாங்க, பின்னால வர்றவங்க பாடறாங்க. மரியாதை எல்லாம் நடுவுலதானே லா?"

நான் டிரெய்லரைச் சுற்றி ஒரு தடவை நடந்தேன். அவர் சொன்னதற்காக இல்லை. எனக்கே பார்க்க வேண்டும்போல் இருந்தது. நடு என்றால் சக்கரத்துக்கு நேர் மேலே. இடம் நல்ல இடமாகத்தான் தெரிந்தது.

"சோத்தை நடுவுக்குக் கொண்டு வாங்க," என்றேன் பெண்களிடம். "யாரும் பின்னால தள்ளலை. நடுவுக்கு வருது."

"நடுவுக்குத்தான் அக்கா," என்றார் தவுக்கே, முகத்தைத் திருப்பிக்கொண்டு.

தண்ணீர் டிரம்மும் சோற்றை ஒட்டி நடுவுக்கு வந்தது. சாம்பார் ஒரு எட்டு முன்னால், கறி ஒரு எட்டுப் பின்னால். கொழுந்தன் உற்சாகமாகி, "எல்லாத்தையும் கடைசிக்கே தள்ளிட்டா லாரிக்குப் பாரமே இருக்காதே," என்றார். "வேண்டாம். ரோட்டுல டிரெய்லர் வால் ஆட்டும், லாரியையும் சேர்த்து ஆட்டும். மூக்குல கொஞ்சம் இருக்கணும்," என்று தவுக்கே முன்கம்பியைத் தூக்கினார். இந்தத் தடவை வந்தது, ஆனால் முனகினார். "இதுதான் அளவு. ஒரு ஆள் தூக்கணும், தூக்கினா முனகணும்." அந்த அளவை யாரிடம் கற்றுக்கொண்டார் என்று நான் கேட்கவில்லை. எல்லாருக்கும் முன்னால் சிலுவை இடத்தில் அப்பள டின் ஏறியது.

அன்றைக்குப் பதினொன்றே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தோம்.

வெள்ளிக்கிழமை விடியும் முன்பே மழை பிடித்துக்கொண்டது. பத்து மணிக்கு விட்டது. பாசிர் ரிஸ் தளத்து வாசலில் மண் அல்வாவாகக் கிடந்தது. சூப்பர்வைசர் கடிகாரக் கையை மடக்கிக்கொண்டு மேட்டின்மேல் நின்றார். வீட்டுக்காரர் லாரியை நிறுத்தி என்னைப் பார்த்தார். "போகட்டுமா?" அந்த மனிதர் லாரி விஷயத்தில் என்னைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"போங்க. மெதுவா."

லாரி இறங்கியது, ஏறியது. போன வாரம் மாட்டிக்கொண்ட மண்மேடு வந்தபோது நான் ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டேன். பின்பக்கம் இரண்டு விரல் இறங்கியது. அடியில் 'டொக்' என்று ஒரு சத்தம். நாத்தனார் வந்துவிட்டார். கொக்கி மேட்டைத் தொடாமல் தாண்டியது. பின்னால் டிரெய்லர் ஒரு குலுங்கு குலுங்கி, ஆனால் நேராக, எங்கள் பின்னாலேயே வந்தது.

மணி பதினொன்றரை. சாம்பார் வாசனை அடித்ததும் மண்வெட்டியையும் கம்பியையும் போட்டுவிட்டு ஆட்கள் நாலா பக்கத்திலிருந்தும் வந்துவிட்டார்கள். சூப்பர்வைசர், "இன்னும் மணி ஆகலை, இன்னும் மணி ஆகலை," என்று கத்தினார். ஒருத்தர் காதிலும் விழவில்லை. கடைசியில் அவரே ஒரு தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றார். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்தார்.

"புக்கிட் பாஞ்சாங் அம்மாகிட்ட வேண்டாம்னு சொல்லிடறேன் அக்கா."

"சொல்லுங்க. நான் விசாரிச்சேன்னும் சொல்லுங்க."

வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து நின்று, "எல்லாம் பட்டைதான் சார். பட்டை சரியா இருந்தா..." என்று ஆரம்பித்தார். அவரை விட்டுவிட்டு நான் அண்டா கழுவப் போனேன்.

அடுத்த வாரமும் அப்படியே தினம் பதினொன்றரைக்குப் போய் நின்றோம். ஐந்தாம் நாள் சூப்பர்வைசர் வாசலிலேயே எங்களை மறித்தார்.

"அக்கா, ஒரு உதவி பண்ணுங்க. நீங்க வந்ததைப் பார்த்தா ஒரு ஆள் வேலை செய்ய மாட்டேங்கிறான். அரை மணி நேரம் போயிடுது. என் முதலாளி என்னைக் கேக்கறாரு. கொஞ்சம் லேட்டா வரக்கூடாதா?"

"இதைக் கேக்கறதுக்கு உங்களுக்கு எப்படி வாய் வந்துச்சு தம்பி?"

"கெஞ்சிக் கேக்கறேன் லா அக்கா."

கெஞ்சினால் நான் இறங்கிவிடுவேன். அன்றிலிருந்து தளத்துக்கு வெளியே, தார் ரோட்டோரம், பெரிய தூங்குமூஞ்சி மரத்தின் கீழ் லாரியை நிறுத்துவோம். வீட்டுக்காரர் ஸ்டியரிங் மேல் தலை வைத்துக் குறட்டை விடுவார். நான் இறங்கி, டிரெய்லர் நிழலில் காலை நீட்டி உட்கார்ந்து, வெற்றிலை போட்டுக்கொண்டு, பன்னிரண்டு மணிச் சங்கு ஊதட்டும் என்று காத்திருப்பேன்.